படி ஒன்பதில் இரண்டு பேர்

வரைபடத்தின் முதல் வரியே
"உங்கள் கார் கொட்டகையில்" என்றுதான் தொடங்குகிறது.
எனக்கு இருப்பது பாயா தெருபோங்கில்
பதினோராவது மாடி நடைவழி.
செருப்பு ஸ்டாண்டுக்கும்
கக் ரொஹானியின் துணிக்கொடிக்கும் நடுவில்
நாலடி.
போதும்.

ஜெலுத்தோங் மரக்கடையில் ஊய்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.
மேசை. நாலு பேர் சாப்பிடலாம்.
யாருக்கு என்றார். எனக்கு என்றேன்.
யார் செய்வது என்றார். அதற்கும் அதே பதில்.
ரப்பர் கட்டை மலிவு, எடுத்துக்கொள் என்றார்.
வேண்டாம் அங்கிள்,
அந்த மரத்துக்குச் செய்ய வேண்டியதெல்லாம்
எங்கள் குடும்பம் செய்து முடித்துவிட்டது.
மெராந்தி கொடுங்கள்.
சிரித்தார். பத்து வெள்ளி குறைத்தார்.

எட்டடிப் பலகை லிஃப்டில் நேராக நிற்காது.
மூலைக்கு மூலை சாய்த்தால் நிற்கும்.
அதன் கீழே பள்ளிப்பையோடு ஒரு பையன்
மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி
ஆறாவது மாடிவரை வந்தான்.

இரண்டுக்கு நாலு என்று எழுதியிருக்கிற கட்டை
இரண்டும் இல்லை, நாலும் இல்லை.
ஒன்றரைக்கு மூன்றரை.
படம் போட்டவர்கள் ஊரில் அதுதான் இரண்டுக்கு நாலாம்.
ஊய் கொடுத்தது அதுவும் இல்லை.
எனக்கு அதிர்ச்சி ஒன்றுமில்லை.
பெயருக்கும் அளவுக்கும் இடையில்
பதினாறு வருடம் குடியிருந்தவள்தான்.

ஆனால் ரம்பம்.
ஒவ்வொரு வெட்டுக்கும் அது தன் பங்கைத் தின்கிறது,
ஒரு பல்லின் அகலம்.
மூன்று வெட்டு முடிந்ததும்
நான்காவது கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை.
இதை வரைந்தவன் வெட்டவே இல்லை போலிருக்கிறது.
எவளோ வெட்டியிருப்பாள்,
அவன் வரைந்திருப்பான்.

ஆறு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று
லிஃப்ட் பக்கத்தில் நிர்வாகத்தின் நோட்டீஸ்.
நான் வேலை முடிந்து வீடு சேர்வது ஐந்தரைக்கு.
அரைமணி நேரத்தில் ஆறு துளை போடலாம்.
அதற்குப் பிறகு உப்புத்தாள்.
அதற்கும் சத்தம் உண்டு, ஆனால்
யாரோ அரிசி களைகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.
மூன்று வாரம்.
ஒருநாள் ரசத்தில் மரத்தூள். குடித்தேன்.

படி ஒன்பது.
படத்தில் இரண்டு பேர்,
முகமில்லை, தலைக்கு ஒரு வட்டம்.
ஒருவர் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்,
மற்றவர் திருக வேண்டும்.
பத்துக் கிலோ அரிசிப் பையை நிறுத்திப் பார்த்தேன்.
சரிந்தது.
நாற்காலி மேல் அகராதி, அகராதி மேல் குக்கர்.
குக்கர் விழுந்த சத்தத்துக்குக்
கீழ்வீட்டுத் துடைப்பக்கட்டை பதில் சொன்னது.
அண்ணனைக் கூப்பிட்டிருக்கலாம். வந்திருப்பான்.
வந்தால் மொத்தத்தையும்
தானே செய்துவிட்டுத்தான் போவான்.

சனிக்கிழமை ஆ செங் கேஸ் கொண்டுவந்தான்.
தோங்கை இறக்கி வைத்தான்,
தரையில் கிடந்ததைப் பார்த்தான்,
கேட்காமலே குந்தி மறுமுனையைப் பிடித்தான்.
மூன்று நிமிடம் இருக்கும். பேசவில்லை.
கீழே லாரி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.
நான்கு திருகாணி ஏறியது.
ஐந்தாவதற்குத் தலை மழுங்கிவிட்டது.
"போதும் லா, நிக்கும்" என்றான்.
முப்பத்திரண்டு வெள்ளி எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

நிற்கிறது.
குட்டைக் காலுக்கு அடியில்
பழைய ஜப்பான் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு.
ரப்பர்தான், கடைசியில்.

தரைவிரிப்பில் முந்தைய மேசை அழுத்திய
நான்கு குழிகள் இன்னும் இருக்கின்றன.
அவர் அதை எடுத்துப்போய் இரண்டு வருடம்.
இதன் கால்கள் அவற்றில் இறங்கவில்லை.
ஒரு சாண் தள்ளி வெளியே நிற்கின்றன.
குனிந்தால் தெரியும்,
சின்ன மேசை ஒன்று இதற்குள்ளே
இருந்துவிட்டுப் போனதுபோல்.

சட்டத்தின் வலது முனையில்
ஆ செங்கின் கட்டைவிரல், கறுப்பாக.
உப்புத்தாளைக் கையில் எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.
வார்னிஷை அதன் மேலேயே அடித்தாகிவிட்டது.